8 ஆங்ஸ்ட்ராமா, 4.5 ஆங்ஸ்ட்ராமா? புரதத்துக்குள் எது எதைத் தொடுகிறது என்று முடிவு செய்ய நான்கு வழிகள்

போன மாதம் ஒரு பின்னேரம் நிலாவெளி வீதியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். இறுதியாண்டு ஆய்வில் இருக்கும் மாணவி ஒருத்தி அழைத்தாள். “அக்கா, புரதமும் ஒன்றுதான், கோப்பும் ஒன்றுதான். ஒரு மென்பொருள் தொடர்புகளை அள்ளிக் கொட்டுகிறது, மற்றது அதில் கால்வாசியைக்கூடத் தரவில்லை. எந்தப் பட்டியலை நம்புவது?” பஸ் வந்துவிட்டது. பாதிப் பதிலோடு ஏறிவிட்டேன். இதே கேள்வியை அவளுக்கு முன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மீதிப் பதிலை ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவளுடைய இரண்டு பட்டியல்களும் சரியானவையாக இருக்கலாம். புரதத் தரவு வங்கியிலிருந்து நாம் இறக்கும் கோப்பில் இருப்பவை அணுக்களின் ஆள்கூறுகள். இருகந்தகப் பிணைப்பு போன்ற சிலவற்றைத் தவிர, “இந்த எச்சம் (சங்கிலியில் கோத்த ஓர் அமினோ அமிலம்) அந்த எச்சத்தைத் தொடுகிறது” என்று அதில் எழுதியிருக்காது. தொடுகை என்றால் என்ன என்ற விதியை நாம்தான் வகுக்கிறோம், அல்லது மென்பொருளை எழுதியவர் நமக்காக வகுத்துவிடுகிறார். இரண்டாவதுதான் ஆபத்து. நம் பெயரில் வேறொருவர் எடுத்த முடிவு நம் ஆய்வுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறது.

திருகோணமலை இறங்குதுறையில் நின்றால் கொட்டியாரக் குடாவின் மறுகரையில் மூதூர். படகில் கிட்ட, கிண்ணியா வழியாகத் தரையால் சுற்றினால் எட்ட. அமினோ அமிலச் சங்கிலியிலும் இரண்டு தூரங்கள் உண்டு. வரிசையில் 94ஆவது எச்சமும் 146ஆவது எச்சமும் தரைவழியில் 52 படி தள்ளி நிற்கின்றன. சங்கிலி மடிந்ததும் அவை கைகோக்கும் தூரத்துக்கு வந்துவிடக்கூடும். நாம் தேடுவது அந்தப் படகுத் தூரத்தை.

## அளந்து பார்க்க இரண்டு சோடிகள்

முறைகளை வெறுமனே ஒப்பிட்டால் தலை சுற்றும். உயர்தர உயிரியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த ஈமோகுளோபினை எடுத்து, அதில் இரண்டு இடங்களை மட்டும் கவனிப்போம்.

முதலாவது, பீட்டாச் சங்கிலியின் கடைசி எச்சமான 146ஆவது ஹிஸ்டிடின். ஒட்சிசன் இல்லாத நிலையில் இதன் பக்கச் சங்கிலி (முதன்மைச் சங்கிலியிலிருந்து கிளைத்து நிற்கும் பகுதி) அதே பீட்டாச் சங்கிலியின் 94ஆவது அஸ்பார்ட்டிக் அமிலத்தோடு உப்புப் பாலம் அமைக்கிறது. அதன் முனைக் கார்பொட்சைல் கூட்டமோ எதிரே இருக்கும் ஆல்ஃபாச் சங்கிலியின் 40ஆவது லைசினைப் பிடித்துக்கொள்கிறது. ஒட்சிசன் ஏறிய நிலைக்கு மாறும்போது இந்தப் பாலங்கள் விடுபடுகின்றன. அமிலத்தன்மை கூடினால் ஈமோகுளோபின் ஒட்சிசனை எளிதில் விட்டுக்கொடுக்கிறதே, அந்த போர் (Bohr) விளைவில் இந்த ஹிஸ்டிடினுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது, அரிவாள்கலக் குருதிச்சோகை. பீட்டாச் சங்கிலியின் 6ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின். அந்த வாலின், பக்கத்து ஈமோகுளோபின் மூலக்கூறின் பீட்டாச் சங்கிலியில் 85ஆவது பீனைல்அலனினும் 88ஆவது லியூசினும் அமைக்கும் எண்ணெய்த்தன்மையான குழிக்குள் போய் உட்காருகிறது. ஒன்றையொன்று கோத்த மூலக்கூறுகள் நீண்ட இழைகளாகி, செங்குழியத்தை வளைத்துவிடுகின்றன. ஒரேயொரு பக்கச் சங்கிலி ஒரு குழிக்குள் பொருந்தியதால் வரும் நோய் இது. தொடுகையை எப்படி வரையறுப்பது என்ற கேள்வி எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப்படுகிறது என்றால், இதை நினைத்துத்தான்.

ஒரு சோடி மின்னேற்றத்தால் பிணைந்தது, மற்றது நீரை வெறுப்பதால் ஒட்டிக்கொண்டது. எந்த முறையும் இரண்டிடமும் ஒரேமாதிரி நடந்துகொள்ளாது.

## எதை வைத்து எடைபோடுவது

உங்கள் ஆய்வு எதைக் கேட்கிறது என்பதே முதல் அளவுகோல். மடிப்பின் மொத்த வடிவமா, ஓர் எச்சத்தின் வேதியியலா, இரு சங்கிலிகள் ஒட்டும் முகப்பா? இதற்குத் தெளிவான விடை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது அமைப்பின் தரம். 1.5 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் நனோமீற்றரில் பத்தில் ஒரு பங்கு) பிரிதிறனில் தீர்க்கப்பட்ட படிகத்தில் பக்கச் சங்கிலிகள் நிற்கும் இடத்தை நம்பலாம். 3 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டிவிட்டால் பல பக்கச் சங்கிலிகள் அமைப்பைக் கட்டியவரின் ஊகத்தோடு கலந்துதான் வருகின்றன.

மூன்றாவதாக, எல்லைத் தூரத்தைச் சற்று அசைத்தால் முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். 4.5ஐ 4.7 ஆக்கியதும் உங்கள் கண்டுபிடிப்பு கரைந்துபோகிறது என்றால், நீங்கள் கண்டது அந்த எண்ணைத்தான்.

கணினியும் காலமும் நான்காவது. ஈமோகுளோபினின் நான்கு சங்கிலிகளிலும் சேர்த்து 574 எச்சங்கள். எச்சச் சோடிகள் 164,451. அணு அளவில் போனால் சோடிகள் ஒரு கோடிக்குக் கிட்ட வரும். பயப்பட வேண்டாம், சாதாரண மடிக்கணினி இதைச் சில நொடிகளில் முடித்துவிடும். ஒரு அமைப்புக்கு எந்த முறையும் பாரமில்லை. ஆயிரம் அமைப்புகளுக்கோ, அணுக்களின் அசைவைக் கணினியில் நடத்திப் பார்க்கும் நீண்ட மூலக்கூறு இயக்கப் பாவனைக்கோ போகும்போதுதான் வித்தியாசம் தெரியும். மாரி காலத்தில் இணையம் அடிக்கடி அறுபடும் வீட்டில் இருந்து வேலை செய்பவர், இணையத்தில் மட்டும் ஓடும் கருவியை நம்பி இறுதி வாரத்தை வைத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக, பிறருடைய முடிவுகளோடு ஒப்பிட வேண்டியிருந்தால் அவர்கள் பயன்படுத்திய விதியையே நீங்களும் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும்.

| முறை | வழக்கமான எல்லை | எங்கே பலம் | எவ்வளவு நல்ல அமைப்பு வேண்டும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஆல்ஃபா அல்லது பீட்டா காபன் தூரம் | 7 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் | மடிப்பு, பெருந்தொகை ஒப்பீடு | சுமாரானது போதும் | பக்கச் சங்கிலி கண்ணில் படாது |
| ஐதரசன் தவிர்ந்த அணுக்களின் மிகக் குறைந்த தூரம் | 4 முதல் 5 ஆங்ஸ்ட்ராம் | முகப்புகள், வலையமைப்பு, பாவனை | நடுத்தரம் | பெரிய எச்சங்களுக்குச் சாதகம் |
| பிணைப்பு வகை பிரித்தல் | வகைக்கு வகை வேறு | தனி எச்சத்தின் வேதியியல், பிறழ்வு | மிக நல்லது | ஐதரசன், மின்னேற்றம் பற்றிய ஊகங்கள் |
| பொதுப் பரப்பு | தனி எல்லை இல்லை | பொருத்தம், குழிகள், முகப்பின் அளவு | நல்லது, முழுமையானது | விடுபட்ட அணுக்கள் கணக்கைக் கெடுக்கும் |

## முதல் வழி: காபன் தூரம்

ஒவ்வொரு எச்சத்தையும் ஒரு புள்ளியாகச் சுருக்குகிறோம். முதன்மைச் சங்கிலியில் உள்ள ஆல்ஃபா காபனாக இருக்கலாம், பக்கச் சங்கிலியின் முதல் அணுவான பீட்டா காபனாக இருக்கலாம். புரத அமைப்பை எதிர்வுகூறும் காஸ்ப் போட்டிகளில் பீட்டா காபன்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவு என்பதே தொடுகைக்கு வழக்கமான வரையறை. கிளைசினுக்குப் பீட்டா காபன் கிடையாது. அங்கே ஆல்ஃபா காபனை எடுப்பார்கள். வரிசையில் 6 முதல் 11 படி தள்ளியிருந்தால் குறுகிய வீச்சு, 12 முதல் 23 வரை நடுத்தரம், 24இலிருந்து நீண்ட வீச்சு. நம் 94–146 சோடி நீண்ட வீச்சு.

இதன் பெரிய குணம் பொறுமை. பக்கச் சங்கிலிகள் சரியாகத் தெரியாத அமைப்பிலும் முதன்மைச் சங்கிலி பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆகவே முடிவும் பெரிதாகக் கெடாது. ஆயிரக்கணக்கான அமைப்புகளை ஒப்பிடவும், புரதத்தை விற்சுருள் வலையாகப் பாவிக்கும் மாதிரிகளுக்கும் இதுவே இயல்பான தெரிவு.

செலவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். லைசினின் கை நீளமானது. ஆல்ஃபா காபனிலிருந்து முனை நைதரசன் வரை நீட்டி நின்றால் 6 ஆங்ஸ்ட்ராமுக்கும் மேல். எதிரே ஓர் அஸ்பார்ட்டிக் அமிலத்தோடு அது உப்புப் பாலம் அமைத்தால் இரு ஆல்ஃபா காபன்களுக்கும் இடையே தூரம் 10 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டக்கூடும். 8ஐ எல்லையாக வைத்தவருக்கு அந்தப் பாலம் இல்லவே இல்லை. எதிர்ப் பிழையும் நடக்கும். பீட்டாத் தகட்டில் அடுத்தடுத்த இழைகளில் உள்ள இரண்டு எச்சங்களின் ஆல்ஃபா காபன்கள் 6 ஆங்ஸ்ட்ராம் அருகில் இருந்தும், ஒன்றின் பக்கச் சங்கிலி தகட்டுக்கு மேலேயும் மற்றதுடையது கீழேயும் நீட்டிக்கொண்டிருக்கலாம். முதுகோடு முதுகு சாய்ந்தவர்களைப் பேசிக்கொண்டிருப்பதாக எழுதிவிடுவோம்.

அரிவாள்கலச் சோடிக்கு வாருங்கள். 6ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருந்தாலும் வாலின் இருந்தாலும் பீட்டா காபன் பீட்டா காபன்தான். நோயை உண்டாக்கும் வித்தியாசம் முழுவதும் அதற்கு அப்பால் இருக்கிறது. பிறழ்வை ஆராய்கிறவர்கள் இந்த முறையோடு நின்றுவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

## இரண்டாவது வழி: அணுவோடு அணு

இரண்டு எச்சங்களின் ஐதரசன் தவிர்ந்த அணுக்களில் எந்த இரண்டு மிகக் கிட்ட இருக்கின்றனவோ அந்தத் தூரத்தை எடுக்கிறோம். 4.5 அல்லது 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை.

4.5 ஏன் என்று கேட்டால் பலர் “எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்பார்கள். அதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. காபனின் வான் டெர் வால்ஸ் ஆரை 1.7 ஆங்ஸ்ட்ராம், நீர் மூலக்கூறின் ஆரை சுமார் 1.4. இரண்டு காபன்களுக்கு நேர் நடுவே ஒரு நீர் மூலக்கூறு நுழைய வேண்டுமானால் அவை 6.2 ஆங்ஸ்ட்ராம் விலக வேண்டும். அவை உண்மையாகத் தொட்டுக்கொள்வதோ 3.4 முதல் 4 வரை. 4.5 இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: தொடுவதை விடாது, இடையில் நீர் இருப்பதைச் சேர்க்காது.

நைதரசன், ஒட்சிசன் போன்ற முனைவு அணுக்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு சுத்தமாக வராது. நீர் மூலக்கூறு நடுவில் நிற்காமல் பக்கத்தில் நின்று இரண்டையும் 2.8 ஆங்ஸ்ட்ராமில் பிடித்துக்கொண்டால், அவ்விரண்டுக்கும் இடையே தூரம் 4.5க்குக் கிட்டவே வரும். நீர் இணைத்த சோடியை நேரடித் தொடுகை என்று எழுதும் பிழை இங்கேதான் நேர்கிறது. கோப்பில் நீர் அணுக்கள் இருந்தால் அவற்றை அழிக்கும் முன் ஒருமுறை பாருங்கள்.

இன்னொரு செலவு பருமன். டிரிப்டோபனில் ஐதரசன் தவிர்ந்து 14 அணுக்கள், கிளைசினில் 4. அதிக அணு உள்ளவருக்கு அதிக அயலவர். “என் புரதத்தின் மையப்புள்ளி டிரிப்டோபன்தான்” என்ற முடிவு வந்தால், அது புரதத்தின் குணமா அணு எண்ணிக்கையின் குணமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எல்லைத் தூரம் விடயத்தில் நமக்கு நெருங்கிய முன்னோடிகள் இருக்கிறார்கள். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வரைந்த புகழ்பெற்ற வரைபடம், அணுக்கள் எவ்வளவு கிட்ட வரலாம் என்ற தொடுகைத் தூரங்களிலிருந்தே பிறந்தது. அவர்கள் ஒரே எல்லையோடு நிற்கவில்லை. வழக்கமாக அனுமதிக்கக்கூடியது, கடைசி வரை போகக்கூடியது என்று இரண்டு எல்லைகளை வைத்து, வரைபடத்திலும் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார்கள். நீங்களும் 4.5க்கு ஒரு பட்டியல், 5க்கு ஒரு பட்டியல் என்று இரண்டையும் தந்தால் படிப்பவருக்கு எது உறுதி, எது விளிம்பில் நிற்கிறது என்று தெரியும்.

கருவிகளில் ஒரு பொறி. பாவனைகளை அலசும் மென்பொருள்களில் எம்.டி.டிராஜ் தூரத்தை நனோமீற்றரில் தருகிறது, எம்.டி.அனாலிசிஸ் ஆங்ஸ்ட்ராமில். முதலாவதில் 4.5 என்று எழுதினால் 45 ஆங்ஸ்ட்ராம். ஈமோகுளோபினில் ஏறத்தாழ எல்லாமே எல்லாவற்றையும் தொடுவதாக வரும். அதோடு, எம்.டி.டிராஜின் எச்சத் தொடுகைக் கட்டளை எல்லாச் சோடிகளையும் கேட்டாலும் வரிசையில் அடுத்த எச்சத்தையும் அதற்கடுத்ததையும் தானாகவே விட்டுவிடுகிறது. அது நியாயமான முடிவுதான். ஆனால் பயோபைதனில் நீங்களே எழுதிய நிரலோடு ஒப்பிடும்போது எண்ணிக்கை ஏன் பொருந்தவில்லை என்று இரவிரவாகத் தேட வேண்டிவரும். தொலைபேசியில் கேட்ட மாணவியின் குழப்பத்தில் ஒரு பகுதி இதுதான்.

## மூன்றாவது வழி: என்ன பிணைப்பு என்று பெயர் சொல்லுதல்

ஐதரசன் பிணைப்பு, உப்புப் பாலம், நீர்வெறுப்பு ஒட்டல், வளையத்தோடு வளையம் என்று ஒவ்வொன்றையும் பிரித்துத் தரும் கருவிகள் உண்டு. ரிங், ஆர்பெஜியோ இரண்டும் இந்த வகை. உப்புப் பாலத்துக்கு எதிர் மின்னேற்ற அணுக்கள் 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் என்ற விதி 1983இல் பார்லோவும் தார்ன்ட்டனும் பயன்படுத்தியதிலிருந்து நிலைத்துவிட்டது. ஐதரசன் பிணைப்புக்குப் பெரும்பாலும் 3.5க்குள், கோணத்தோடு சேர்த்து.

146ஆவது ஹிஸ்டிடினை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல வழியில்லை. இரண்டாவது வழி “94ஐத் தொடுகிறது” என்று மட்டும் சொல்லும். இது “உப்புப் பாலம்” என்று பெயர் சொல்லும். ஒட்சிசன் ஏறியபின் அது பட்டியலிலிருந்து நீங்கினால், நீங்கியது என்ன என்றும் தெரியும்.

விலை என்னவென்றால், இந்தப் பெயரெல்லாம் ஊகங்களின் மேல் நிற்கிறது. எக்ஸ்-கதிர்ப் படிகங்களில் ஐதரசன் அணுக்கள் பொதுவாகத் தெரிவதில்லை. அவற்றை மென்பொருள் தானே வைக்கிறது. ஹிஸ்டிடின் மின்னேற்றம் பெற்றிருக்கிறதா இல்லையா என்பது சூழலின் அமிலத்தன்மையைப் பொறுத்தது, போர் விளைவின் உயிரே அதுதான். கருவியோ ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். அஸ்பராஜினிலும் குளூட்டமினிலும் முனையில் உள்ள நைதரசனும் ஒட்சிசனும் எலத்திரன் எண்ணிக்கையில் 7, 8 என்று நெருங்கி இருப்பதால், எது எந்தப் பக்கம் என்று படிகத்தில் எளிதில் தெரியாது. தலைகீழாக வைக்கப்பட்ட ஒரு அஸ்பராஜின் இல்லாத ஐதரசன் பிணைப்பை உண்டாக்கும், இருப்பதை மறைக்கும். கருவிக்குக் கொடுக்கும் முன் இவற்றைச் சரிபார்த்து ஐதரசன் சேர்க்கும் ரெடியூஸ் போன்ற நிரலை ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. புரதப் படம் வரையும் பைமோலில் முனைவுத் தொடுகைகளைத் தேடச் சொன்னால் மஞ்சள் புள்ளிக்கோடுகள் வரும், படம் அழகாக இருக்கும், ஆய்வறிக்கையில் ஒட்டத் தோன்றும். அரிவாள்கல வாலினின் பக்கச் சங்கிலிக்கும் அந்த எண்ணெய்க் குழிக்கும் நடுவே ஒரு கோடும் வராது. அங்கே முனைவு அணுவே கிடையாது. ஒரு கொடிய நோயின் மூலத் தொடுகை அந்தப் படத்தில் வெற்றிடமாக இருக்கும்.

## நான்காவது வழி: பொதுவான பரப்பு எவ்வளவு

தம்பலகாமத்து வயல்வெளியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயல்கள் அயலா இல்லையா என்பதை அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே கயிறு பிடித்து யாரும் அளப்பதில்லை. பொதுவாக ஒரு வரம்பு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு நீளம் என்று பார்ப்போம். வொரொனோய் முறை இதையே முப்பரிமாணத்தில் செய்கிறது. வெளியை அணுக்களுக்குப் பங்கிட்டு, ஒவ்வோர் இடமும் எந்த அணுவுக்குக் கிட்டவோ அதற்கே அதைக் கொடுக்கிறது. இரண்டு அணுக்களின் பங்குகள் சந்திக்கும் முகத்தின் பரப்பே தொடுகையின் அளவு. புரதங்களில் இதை ரிச்சர்ட்ஸ் 1974இல் பயன்படுத்தினார். இன்று வில்னியசில் உருவான வொரொனோட்டா இதை இலவசமாகச் செய்து தருகிறது.

இங்கே ஆம், இல்லை என்ற வெட்டு இல்லை. இடையில் மூன்றாவது அணு நின்றால் அது தானாகவே தொடுகையை மறைத்துவிடும், தூர முறைகளுக்கு இது தெரியாது. வாலின் குழிக்குள் பொருந்தும் இடத்தில் இந்த முறை பேசும்: எவ்வளவு பரப்பு மூடப்பட்டது, எந்த எச்சம் எவ்வளவு பங்கு கொடுத்தது என்று.

உப்புப் பாலத்தில் இது தடுமாறும். இரண்டு மின்னேற்ற முனைகள் சந்திக்கும் பரப்பு சிறியது, பங்களிப்போ பெரிது. பரப்பை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் நம் ஹிஸ்டிடின் கீழே போய்விடும். அதைவிட மோசமான செலவு விடுபட்ட அணுக்களில் இருக்கிறது. ஒரு பக்கச் சங்கிலி கோப்பில் இல்லையென்றால் அயல் அணுக்கள் அந்த வெற்று நிலத்தையும் தங்கள் பங்காக்கிக்கொள்ளும், வரம்புகள் எல்லாம் நகரும். முழுமையற்ற அமைப்பில் இந்த முறையை ஓட்டுவதை நான் தவிர்க்கிறேன்.

## எந்த முறைக்கும் பொதுவான செலவு: கோப்பு

நானே நாட்களை இழந்த இடம் இது. ஒட்சிசன் இல்லாத ஈமோகுளோபினுக்கு 4எச்எச்பி கோப்பையும் ஒட்சிசன் ஏறியதற்கு 1எச்எச்ஓ கோப்பையும் எடுத்து, ஆல்ஃபா 1க்கும் பீட்டா 2க்கும் இடையிலான முகப்பை ஒப்பிட்டேன். இரண்டாவதில் ஒரு தொடுகைகூட வரவில்லை. ஒட்சிசன் ஏறியதும் முகப்பே பிரிந்துவிடுகிறது என்று நம்பிக் குறிப்பும் எழுதிவிட்டேன். 4எச்எச்பியில் நான்கு சங்கிலிகளும் இருக்கின்றன. 1எச்எச்ஓவின் சமச்சீரற்ற அலகில், அதாவது கோப்பில் பதிவாகும் அடிப்படைத் துண்டில், இருப்பவை இரண்டு மட்டும். மற்றச் சோடியைச் சமச்சீர்ச் செயல்களால் உண்டாக்க வேண்டும். இல்லாத சங்கிலியோடு தொடுகை எப்படி வரும்? உண்மையில் ஒரு பாதி மற்றப் பாதிக்கு எதிரே சுமார் 15 பாகை திரும்புகிறது, முகப்பு பிரிவதில்லை. எல்லாச் சங்கிலிகளும் சேர்ந்த உயிரியல் கூட்டமைப்புக் கோப்பை இறக்கியிருந்தால் அந்தக் குறிப்பை எழுதியிருக்க மாட்டேன்.

இதற்கு நேரெதிர் நிலை அரிவாள்கல ஈமோகுளோபினின் 2எச்பிஎஸ் கோப்பு. அதில் இரண்டு முழு மூலக்கூறுகள், எட்டுச் சங்கிலிகள். ஒரு மூலக்கூறை மட்டும் வெட்டி எடுத்து “சுத்தமாக” வேலை செய்தால், நோயை உண்டாக்கும் தொடுகையையும் சேர்த்து வெட்டிவிடுகிறீர்கள்.

ஒரே எச்சம் இரண்டு நிலைகளில் பதிவாகியிருந்தால் எதை எடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கணினி எதிர்வுகூறிய ஆல்ஃபாஃபோல்ட் மாதிரிகளில் இன்னொரு சிக்கல். படிகக் கோப்பில் வெப்பக் காரணி இருக்கும் நெடுவரிசையில் இங்கே நம்பிக்கை மதிப்பெண் இருக்கும். வெப்பக் காரணி கூடினால் இடம் நிச்சயமற்றது, இந்த மதிப்பெண் கூடினால் நிச்சயமானது. பழைய நிரலை மாற்றாமல் ஓட்டினால் நல்ல எச்சங்களைக் கழித்துவிட்டுத் தளர்ந்தவற்றை வைத்துக்கொள்வீர்கள். 70க்குக் குறைந்த எச்சங்களின் அணு அளவுத் தொடுகைகளை நான் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இயக்கப் பாவனை செய்கிறவர்களுக்கு ஒரு சொல். அங்கே ஒரு தொடுகை பாவனையின் எத்தனை சட்டங்களில் (ஒவ்வொரு கணத்தின் படம்) இருந்தது என்று எண்ணுகிறோம். 4.5இல் கூர்மையாக வெட்டினால் 4.4க்கும் 4.6க்கும் இடையே ஊசலாடும் ஒரு சோடி ஆயிரம் முறை உடைந்து ஆயிரம் முறை சேர்ந்ததாக வரும். பெஸ்ட், ஹம்மர், ஈட்டன் மூவரும் 2013இல் தந்த மென்மையான சார்பு, தொடக்கத் தூரத்தின் 1.8 மடங்கு வரை இடம் கொடுத்து இந்தப் பதற்றத்தை அடக்குகிறது.

## யாருக்கு எது

நூற்றுக்கணக்கான அமைப்புகளின் மடிப்பை ஒப்பிடுகிறீர்களா, அல்லது பிரிதிறன் 3 ஆங்ஸ்ட்ராமைவிட மோசமா? பீட்டா காபன், 8 ஆங்ஸ்ட்ராம். யோசிக்க வேண்டாம்.

இரு சங்கிலிகளின் முகப்பையோ இரண்டு நிலைகளுக்கு இடையேயான மாற்றத்தையோ பார்க்கிறீர்களா? அணுவோடு அணு முறையில் தொடங்குங்கள், இரண்டு எல்லைகளோடு. மாறிய சோடிகளை மட்டும் மூன்றாவது வழியில் கொடுத்துப் பெயர் கேளுங்கள். எனக்கு ஒரே ஒரு வழிதான் அனுமதி என்றால் இந்தக் கூட்டையே கேட்பேன்.

ஒரு பிறழ்வு ஏன் கெடுதி செய்கிறது என்று கேட்கிறீர்களா? மின்னேற்றம் மாறியிருந்தால் மூன்றாவது, பருமனோ நீர்வெறுப்போ மாறியிருந்தால் நான்காவது. அரிவாள்கலத்தில் இரண்டும் மாறியிருக்கின்றன, இரண்டையும் ஓட்டுங்கள்.

எதை எடுத்தாலும் முறை, எல்லைத் தூரம், வரிசையில் எத்தனை அயல் எச்சங்களை விட்டீர்கள், எந்தக் கூட்டமைப்பு, மென்பொருளின் பதிப்பு எண் ஆகியவற்றை முடிவைப் பார்க்கும் முன் எழுதிவையுங்கள். முடிவைப் பார்த்தபின் 4.5ஐ 4.8 ஆக்க மனம் ஆயிரம் நியாயம் கண்டுபிடிக்கும்.

அந்த மாணவி போன கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். கொப்பியின் முதல் பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்தாள்: “உயிரியல் கூட்டமைப்பு. ஐதரசன் தவிர்ந்த அணுக்கள். 4.5, 5.0. வரிசையில் 3 படிக்குள் இருப்பவை விலக்கு.” திகதியும் போட்டிருந்தாள். இரண்டு ஈமோகுளோபின் கோப்புகளும் இறங்கிவிட்டன. இன்றிரவு நிரலை ஓட்டியதும் முதலில் பார்க்கப் போவது 146ஆவது ஹிஸ்டிடினின் வரியையும், அதன் வெப்பக் காரணியையும் என்றாள்.